முதுகைக் காட்டி ஓடியவள்

என் ஓரகத்தி தெருவில் இறங்கி நடந்தால் மின்கம்பங்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று வணக்கம் சொல்லும். டிரான்ஸ்பார்மர் தன் இரைச்சலை நிறுத்திக்கொண்டு, "அம்மா வர்றாங்க, அடக்கி வாசிங்கடா" என்று கம்பிகளை அதட்டும். சரி, கம்பங்கள் முன்னாலேயே நிமிர்ந்துதான் நிற்கின்றன. வணக்கம் நான் சேர்த்தது. டிரான்ஸ்பார்மர் சங்கதியும் என் கைச்சரக்குதான். ஆனால் அவள் தலையைக் கண்டதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள் என்பதில் ஒரு சொட்டுப் பொய்கூடக் கிடையாது.

என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். வயதில் என்னைவிட இளையவள், பிடிவாதத்தில் என் பாட்டிக்கும் பாட்டி. தெரு அவளுக்கு வைத்த பெயர் 'மெயின்'. எந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலும் அவள் முதலில் கேட்பது "சௌக்கியமா" என்று இல்லை, "மெயின் சுவிட்சு எங்கே இருக்கு?" என்றுதான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினாள். ஒரே வீடு, இரண்டு பாகம். முன்பாகத்தில் நானும் என் கணவரும். பின்பாகத்தில் மாமியாரும் கொழுந்தனும். இரண்டு பாகத்துச் சமையலறை வாசலும் பின்னால் ஒரே முற்றத்தில் திறக்கும். கல்யாணமாகி வந்த அன்று, மாமியார் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"அத்தை, மெயின் எங்கே இருக்கு?"

"மெயின் ரோடா? இப்பத்தானேடி அந்த வழியா வந்தே?"

"ரோடு இல்லை அத்தை. கரண்ட் மெயின். மொத்தமா அணைக்கிற சுவிட்சு."

"அதுவா? அந்த பீரோவுக்குப் பின்னாடி கிடக்கு. பாக்க அசிங்கமா இருக்குன்னு மறைச்சு வெச்சிருக்கேன். இப்ப எதுக்கு அது?"

"பீரோவை நகர்த்தணும்."

"நகர்த்தலாம், நகர்த்தலாம். ஒரு நல்ல நாளா பாத்து..."

"இன்னிக்கு நல்ல நாள்தானே அத்தை. எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கே."

என் கொழுந்தன் கல்யாணச் சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு பீரோவைத் தள்ளினான். கண்ணாடிக் கதவு கிடுகிடுவென்று ஆடியது. மாமியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான் வந்த புதிதில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லவே பல நாள் யோசித்தவள். எனக்கு வயிறு எரிந்தது.

காரணத்தை அவள் எனக்குச் சொன்னது வெகு காலம் கழித்து, ஒரு மத்தியானம் நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. போர்வையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். அழவில்லை. முனையோடு முனை பிசகாமல் சேர்த்தபடியே சொன்னாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். அடைமழை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. அவளுடைய அப்பா இரும்பு விசிறி நனைந்துவிடுமே என்று அதைத் தூக்கி உயரத்தில் வைக்கப் போனார். பிளக்கைப் பிடுங்கவில்லை. தூக்கியவர் அப்படியே நின்றார். அம்மா என்ன ஏது என்று யோசிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அவளும் அப்படியே நின்றாள். அண்ணன் அம்மாவைப் பிடித்தான்.

"மூணு பேரும் கையைக் கோத்துக்கிட்டு விளையாடற மாதிரிதான் இருந்தது அக்கா" என்றாள்.

அடுத்தது இவள்தான். வாசல்படியிலிருந்து குதிக்கப் போனவளைப் பக்கத்து வீட்டு அம்மாள் பின்னலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்திருக்கிறார். இவள் அந்தக் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தும் அந்த அம்மாள் பின்னலை விடவில்லை. மெயினை அணைக்க ஆட்கள் ஓடினார்கள். அது வீட்டுக்காரரின் பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்புறம் அந்தம்மாவைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். கையில என் பல்லுத் தடம் இருந்தது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கலை." என் கையிலிருந்த முனையை வாங்கிப் போர்வையை அடுக்கில் வைத்தாள். "அடுத்ததை எடுங்க அக்கா."

சித்தி வீட்டில் வளர்ந்தாள். படிப்பு முடிந்ததும் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இஸ்திரிப் பகுதியில் சேர்ந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். நீள நீளமான மேசைகள். உத்தரத்திலிருந்து வயர்கள் தொங்கும்; ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு இஸ்திரிப் பெட்டி. ஆவியில் எல்லாருடைய முகமும் பனியில் நிற்பதுபோல் மங்கலாக இருக்கும். காலடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு. பெட்டியின் கழுத்தில் வயர் மடிந்து மடிந்து உரிந்திருந்தால், இவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாளாம்.

"உனக்கு மட்டும்தான் கண்ணு தெரியுதாம்மா?" என்பார் மேற்பார்வையாளர்.

"இப்போதைக்கு நான் ஒருத்தி பாத்தா போதும் சார். மாத்திக் கொடுங்க."

மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுப்பது எப்படி என்று அங்கே வகுப்பு எடுத்தார்கள். ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி ஒவ்வொருத்தியாக அழுத்தச் சொன்னார்கள். மற்றப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்துவிட்டார்கள். இவள் வியர்வை சொட்டச் சொட்ட அழுத்திக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் சொல்லிக் கொடுத்தவரே, "பொம்மை பிழைச்சு வீட்டுக்குப் போயிடுச்சு, எழுந்திரும்மா" என்று கெஞ்சினாராம்.

தொழிற்சாலையில் பழைய ரப்பர் விரிப்பைக் கழித்துப் போட்டபோது, பாயைப்போல் சுருட்டித் தலையில் வைத்துத் தெருவழியே நடந்து வந்தாள். அதை வெட்டி ஒரு துண்டு வாஷிங் மெஷினுக்கு முன்னால், ஒரு துண்டு பிரிட்ஜுக்கு முன்னால், ஒரு துண்டு எனக்கு. நான் முதலில் அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்தேன். அடுத்த நாள் ஜாடி அலமாரியிலும் என் கால் ரப்பரிலும் இருந்தன. அவள் பார்த்தாள், அவ்வளவுதான்.

தெருவில் அவள் பண்ணாத கலாட்டா இல்லை. குளியலறைக்குள் நீட்டி இழுத்து வைத்த ரேடியோவை வெளியே கொண்டுவந்தாள். மிதியடிக்கு அடியில் ஓடிய வயரைச் சுவரோரமாக ஏற்றினாள். மொட்டை மாடியில் காற்றாடி விடும் பிள்ளைகளைக் கம்பி இல்லாத மைதானத்துக்கு விரட்டினாள். ஒருநாள் பெயின்ட் அடிப்பவர் ஒருவர் இரும்பு ஏணியை நட்டக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு மின்கம்பிக்கு அடியில் போகப் பார்த்தார். இவள் நடுத்தெருவில் கையை அகல விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"வழியை விடும்மா."

"ஏணியைப் படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போங்க அண்ணே, விடறேன்."

"நீ என்ன கரண்ட் ஆபீசா?"

"இல்லைண்ணே. உங்க வீட்டுக்கு வந்து சேதி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை."

அவர் மேலே பார்த்தார். பிறகு ஏணியைச் சாய்த்தார்.

மாமியாரிடம்தான் அவளுடைய ஜம்பம் பலிக்கவில்லை. துவைக்கிற இடத்தில் போட்டுக்கொள்ள என்று சமையலறைப் பின்வாசலில் ரப்பர் செருப்பு வாங்கி வைத்தாள். "நாங்க வெறுங்காலோட நடந்து பழகினவங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல் மாமியார் அந்தச் செருப்பைத் தாண்டித் தாண்டிப் போவார்.

மெயினுக்குப் பக்கத்தில் ஒரு டிரிப் சுவிட்சையும் பொருத்தவைத்திருந்தாள். வீட்டில் எங்கேயாவது கரண்ட் கசிந்தால் அது தானாகவே விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். சோதித்துப் பார்க்க அதில் ஒரு சின்னப் பொத்தான். மாதம் பிறந்தால் அழுத்துவாள். டப்பென்று விழும். "உயிரோட இருக்கு" என்று சொல்லி மேலே தூக்கிவிடுவாள். மாமியார் அதற்கு 'ரோஷக்காரி' என்று பெயர் வைத்தார். "மருமக ஒருத்தி போதாதுன்னு இது வேற. தொட்டதுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கிக்கும்."

அந்த வருடம் மழை வழக்கத்தைவிட அதிகம். மாமியார் ஒரு சாயங்காலம் முற்றத்து இருட்டில் வழுக்கி விழப் பார்த்தார். என் கொழுந்தனுக்கு அம்மா என்றால் உயிர். அன்றைக்கே சமையலறையிலிருந்து ஒரு வயரை இழுத்து முற்றத்தின் நடுவில் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான். வயர் தொய்ந்து தொங்கக்கூடாதே என்று அதைத் துணி உலர்த்தும் கொடிக்கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான்.

"ஏங்க, கொடி இரும்புக்கம்பி. அதோட போய் வயரைக் கட்டியிருக்கீங்களே?"

"வயர்மேலதான் ரப்பர் இருக்கே."

"காத்துல ஆடி ஆடித் தேய்ஞ்சா?"

"ஞாயித்துக்கிழமை குழாய் போட்டுச் சுவரோரமா இழுத்துடறேன், போதுமா?"

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஒன்றில் மழை, ஒன்றில் தலைவலி, ஒன்றில் குழாய்க்கடை மூடியிருந்தது.

இதற்கிடையில் ரோஷக்காரி விழ ஆரம்பித்தாள். மழை பெய்த நாட்களில், சாயங்கால வேளையில், மாமியாரின் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது சரியாக விழும். டி.வி. அணையும். மாமியார் பல்லைக் கடிப்பார். என் ஓரகத்தி வேலையிலிருந்து வந்து வாஷிங் மெஷினைப் போடுவதும் அந்த நேரம்தான். அதைத் தொட்டபோது ஒருமுறை விரலில் சுருக்கென்றிருந்தது. அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாள். பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "வயர்மேனை என் லீவு நாள்ல வரச் சொல்லியிருக்கேன். நான் கூட நின்னு பாக்கணும்" என்றாள். அவ்வளவு பார்க்கிறவள் கண்ணுக்குக்கூடத் தலைக்குமேல் எரிந்த அந்தப் பல்பு படவில்லை. மாமியார் விளக்கைப் போடுவதும் அதே சாயங்காலத்தில்தானே.

மறுநாளும் விழுந்தது, அவள் வேலையிலிருந்து வீடு திரும்பும் முன்பே. அதுவும் தொடரில் யாரோ யாரிடமோ உண்மையைச் சொல்லப் போகிற கட்டத்தில். மாமியாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எங்கள் தெரு வயர்மேன் எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பான்; அவன் பெயரே அதுவாகிவிட்டது. சுவிட்ச் மறுபடி விழுந்ததை மருமகளிடம் சொல்லாமல், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இந்தச் சனியன் விழாம நிக்காதா?"

"டைரக்ட் பண்ணிட்டா நிக்கும்மா."

"பண்ணு."

"ஆகட்டும்."

கரண்ட் டிரிப் சுவிட்சுக்குள் போகாமல் நேராக வீட்டுக்குப் போகும்படி ஒரு வயரை மாற்றி முறுக்கினான். சுவிட்ச் பார்வைக்கு முன்போலவே நிமிர்ந்து நின்றது, கண்ணைத் திறந்துகொண்டு தூங்கும் காவல்காரனைப்போல. அது ரோஷத்தில் விழவில்லை. முற்றத்தில் எதுவோ கசிகிறது என்று கத்திக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைத்தாயிற்று. அன்று மழையிலும் அது விழாததைப் பார்த்து என் ஓரகத்தி, "பாத்தீங்களா அக்கா, வாஷிங் மெஷின்தான்" என்று நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

இனிமேல் சொல்வதில் நான் எதையும் கூட்டப்போவதில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம். மழை விட்டுத் தூறல் மறுபடியும் தொடங்கியிருந்தது. வானம் இருண்டு கிடந்ததால் மாமியார் முற்றத்து விளக்கைப் போட்டார். கொழுந்தன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவியிருந்தான். "துணி நனையுதுடா" என்றார் மாமியார். அவன் ஈரக்காலோடு முற்றத்து சிமென்ட் தரையில் இறங்கினான். நான் என் பின்வாசல் படியில் உட்கார்ந்து வாளி கழுவிக்கொண்டிருந்தேன். படுக்கை விரிப்பை எடுப்பதற்காக அவன் வலது கையால் கொடிக்கம்பியைக் கீழே இழுத்தான்.

அவன் கத்தவில்லை. பாதித் தும்மலில் நின்றுவிட்டாற்போல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. குதிகால் தரையிலிருந்து எழும்பியது. கம்பியோடு சேர்ந்து உடம்பு முழுதும் அதிர்ந்தது. கண்கள் மூடியிருந்தன.

"டேய்... என்னடா பண்றே?" என்று மாமியார் சமையலறை வாசலிலிருந்து கேட்டார். மறுநிமிஷம் புரிந்துவிட்டது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினார். நானும் வாளியைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

கூடத்திலிருந்து அவள் குரல். கைப்பை தோளில் தொங்க, வேலைக்குப் போன செருப்போடு வந்தாள். அந்தக் குரலில் என் கால் நின்றுவிட்டது. மாமியாரின் கால் நிற்கவில்லை. மகனின் சட்டையை அவர் விரல் தொடப்போகிற நேரத்தில் அவள் பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு கையாலும் மாமியாரை ஓங்கித் தள்ளினாள். தண்ணீர் டிரம்மில் மோதி மாமியார் விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். திரும்பினாள். முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

விழுந்த மாமியார் ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, என் புள்ளைடி, விடுடி" என்றார். உள்ளே ஒரு நாற்காலி உருளும் சத்தம். பிறகு விளக்கு அணைந்தது. கொழுந்தன் சரிந்து விழுந்தான்.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒட்டடை அடிக்கும் மரக்கம்பு இருந்தது. மெயினை அணைத்திருந்தும் கம்பியை அதனால் தள்ளி ஒதுக்கிவிட்டுத்தான் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அவன் நெஞ்சில் வைத்து அழுத்தத் தொடங்கினாள். "அக்கா, வண்டி!" என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே. நான் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். வண்டியோடு வந்தபோது அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரியே கைகள் ஆடின.

உயிர் தப்பியது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. என் கொழுந்தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். எறும்புத் தலையளவு திருகாணிகளோடு பிழைப்பு. அந்தக் கைக்கு அந்த விரல்கள் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமியார் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். "புருஷன் கிடந்து துடிக்கிறான். இவ என்னைக் கீழே தள்ளிட்டு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடறா. எட்டற தூரத்துல இருந்தேன். ஒரு இழுப்பு இழுத்திருந்தா என் புள்ளை விரல் தப்பிச்சிருக்கும்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். என் ஓரகத்தி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். விழவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆகட்டும் வந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மாதான் சொன்னாங்க அக்கா... நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"சரி பண்ணிட்டுப் போ. வயரையும் கம்பியிலிருந்து எடுத்துடு. அத்தைகிட்ட இதைப் பத்தி வாய் திறக்காதே." பிறகு என்னிடம் திரும்பினாள். "நீங்களும்தான்."

"ஏண்டி? தெருவே உன்னைப் பேசிக்கிட்டு இருக்கு. உண்மையைச் சொன்னா என்ன?"

"அவங்களுக்குத் தெரியாதா அக்கா?"

மாமியாருக்குத் தெரியும். யாரும் சொல்லிக்காட்டாததால்தான் அது அவருக்குள்ளேயே கிடந்து புழுங்கியிருக்க வேண்டும். அவர் அதன்பின் மருமகளிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். எதுவானாலும் பிரிட்ஜிடம்தான் சொல்வார். "பிரிட்ஜே, எனக்கு மாத்திரை வேணும்." பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து மாத்திரை வரும். "பிரிட்ஜே, வெந்நீர் சூடு பத்தலை." வெந்நீர் சூடாகும். மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை அவருக்குத் தலைவாரி, சோறு பிசைந்து ஊட்டியதும் இவள்தான். ஜன்னல் பக்கம் பார்த்தபடி வாயை மட்டும் திறப்பார். இவள் ஊட்டுவாள். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே என் பாகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டும் இருக்கிறேன்.

தெரு பேசியதோ மாமியார் பேசாததோ அவளைப் பெரிதாக வாட்டவில்லை. வாட்டியது வேறு. கொழுந்தன் ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் அவனிடம் கேட்டிருக்கிறாள், "கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்போ என்னைப் பாத்தீங்களா?" என்று.

"எதுவும் தெரியலை. கண்ணு இருட்டிடுச்சு" என்றானாம்.

இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறை. "அவர் பாத்திருந்தா என் முதுகைத்தான் பாத்திருப்பார் அக்கா. செத்துட்டோம்னு நினைக்கிற நேரத்துல பொண்டாட்டி முதுகு. அதைப் பாத்துட்டுத்தான் சொல்லமாட்டேங்கறாரோ என்னவோ." நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். கதை கட்டுவதில் எனக்கு நிகர் யாருமில்லை என்று நினைத்திருந்தேன். அன்று அவளை நம்பவைக்க ஒரு கதைகூட என் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அவனிடம் திரும்பக் கேட்கவில்லை. மூன்று விரலால் திருகாணி பிடிக்க அவன் பழகினான். அவள் எதிரே உட்கார்ந்து சிந்திய திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். பழையபடி சண்டை போட்டார்கள், சினிமாவுக்குப் போனார்கள், பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து எல்லாம் செய்தது அவள்தான். கடைசிவரை மாமியார் அவளிடம் பேசவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கும் வெகு காலம் ஆகிவிட்டது.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அவள் வாழ்க்கையை அவள் காதில் போடாமல் ஊருக்குக் கொடுப்பது முறையில்லை என்று இருவரையும் நேற்று என் பாகத்துக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். மின்கம்ப வணக்கத்துக்கு, "உங்க வாய்க்கு ஒரு டிரிப் சுவிட்சு போடணும் அக்கா" என்றாள். கொழுந்தன் என்னுடைய பழைய மூக்குக்கண்ணாடியின் ஆடுகிற காதைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் முடித்ததும் கண்ணாடியை மடித்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணி, ஒரு இடம் தப்பா இருக்கு."

"எந்த இடம்?"

"கண்ணு மூடியிருந்ததுன்னு போட்டிருக்கீங்க. மூடலை."

கத்தி நின்றது.

"திறந்துதான் இருந்தது. மூடலாம்னாலும் மூட முடியலை. அம்மா கையை நீட்டிக்கிட்டு வர்றாங்க. வராதே, தொடாதேன்னு உள்ளுக்குள்ள கத்தறேன், வாய் வரலை. இவ வந்து தள்ளினா. அப்பாடான்னு இருந்தது அண்ணி. அப்புறம் திரும்பி ஓடினா பாருங்க... அந்த முதுகைப் பாத்தப்போதான் பொழைச்சுக்குவேன்னு தோணிச்சு."

"கண்ணு இருட்டிடுச்சுன்னீங்களே" என்றாள் அவள்.

"அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்க என்னைத் தொட்டுடுவாங்களேன்னு நடுங்கினேன்னு அவங்க காதுபட எப்படிச் சொல்றது?"

"அவங்க போய் எவ்வளவு நாளாச்சு?"

நறுக்கிய பீன்ஸை மூன்று விரலால் அவள் தட்டில் ஒதுக்கி வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மூடலைன்னு திருத்திடுங்க அண்ணி."